சென்னையில் ஏஏ கூட்டம்: எந்த அறையில் போய் உட்காரலாம்?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று எங்கே போனது என்பது போகப் போகத் தெரியும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், எல்லோர் வாயிலும் ஏஏ, குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு, அவர்கள் நடத்தும் கூட்டங்களைப் பற்றிய விமர்சனம் இது, குறிப்பாகச் சென்னையில் தமிழில் நடப்பவை. குழுவின் பெயர், தெரு, எந்த சர்ச், எந்தப் பள்ளிக்கூடம் எதையும் எழுதப் போவதில்லை. வருகிறவர்கள் தங்கள் பெயர் வெளியே போகாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் வருகிறார்கள், அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் எந்த மாதிரி அறையைத் தேட வேண்டும், எதைப் பார்த்தால் அடுத்த வாரம் வேறு இடம் போய்விடலாம் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.

"ஏஏக்குப் போனேன், ஒத்துவரவில்லை" என்று சொல்கிறவர்களிடம் எத்தனை குழுவுக்குப் போனீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் ஒன்று. ஒரு ஓட்டலில் சாம்பார் உப்புக் கரித்தது என்று சாம்பாரையே தலைமுழுகுகிற கதைதான். ஏஏயில் ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறது, மேலே இருந்து ஆணை போடும் தலைமை அலுவலகம் கிடையாது, குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் வைத்திருக்கும் மரபுகளில் நான்காவதே அதுதான். அதனால் மயிலாப்பூரில் ஒரு குணம், பெரம்பூரில் ஒரு குணம். ஒரே குழுவில்கூடச் செவ்வாய்க்கிழமை வேறு, சனிக்கிழமை வேறு. குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் படிகள் பன்னிரண்டும் எல்லா இடத்திலும் அதேதான், உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் வேறு, நமக்கு வேண்டியதும் அந்த ஆட்கள்தான்.

தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1935ல் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதமே ஆன ஒரு பங்கு வியாபாரியும் இன்னும் விட முடியாமல் தவித்த ஒரு அறுவை மருத்துவரும் பேசிக்கொண்டதில் ஆரம்பித்தது. இந்தியாவுக்கு 1957ல் வந்தது. கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, டாக்டர் இல்லை, ஆதார் அட்டையை யாரும் கேட்பதில்லை. உறுப்பினராக ஒரே ஒரு தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆசை இருந்தால் போதும். நடுவில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தால் பத்தோ இருபதோ போடலாம், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளியார் பணமும் அரசுப் பணமும் வாங்குவதில்லை என்பது கொள்கை, அதனால்தான் இடம் எப்போதும் எளிமையாகவே இருக்கும்.

எளிமை என்றால் எவ்வளவு எளிமை என்று கேட்கலாம். நான் வழக்கமாகப் போகிற இடம் பகலில் ஒரு ஆரம்பப் பள்ளி வகுப்பறை. கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்திருக்கும், அதற்கு மேல் ஆணியில் பன்னிரண்டு படிகள் அச்சடித்த துணியைத் தொங்கவிடுவார்கள். பெஞ்சு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்துக்குப் போட்டது, ஐம்பது வயது ஆட்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். மின்விசிறி ஒன்று சுற்றும், ஒன்று சத்தம் மட்டும் போடும். மேசை மேல் ஒரு சின்ன மணி, ஒரு பிளாஸ்க், ஒரு தட்டில் பொறை பிஸ்கட். புதிதாக வருகிறவருக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றுவார்கள். என்னடா இது கஞ்சத்தனம் என்று ஆரம்பத்தில் எனக்குத் தோன்றியது. அப்புறம் ஒருநாள் டீ ஊற்றும் அண்ணனே சொன்னார், "கை நடுங்கும் தம்பி, முழுசா ஊத்தினா மேல சிந்திக்குவார், சிந்திட்டா அந்த வெட்கத்துலயே அடுத்த வாரம் வர மாட்டார், கேட்டா இன்னொரு அரை டம்ளர் குடுத்துக்கலாம்." சேவைக்கு நட்சத்திரம் கொடுப்பது என்றால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது நேரம். எல்லோரும் முதலில் இடத்தைப் பார்க்கிறார்கள், நல்ல ஏரியாவா, தெரிந்தவர்கள் வருவார்களா என்று. நேரம்தான் முக்கியம். உங்கள் கை எந்த நேரத்தில் கிளாஸைத் தேடுமோ அந்த நேரத்தில் நடக்கிற கூட்டமாக இருக்க வேண்டும். டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறது. ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்குக் குடிக்க ஆரம்பிக்கிற ஆளுக்கு ஞாயிறு காலைக் கூட்டத்தால் பெரிய உபயோகம் இல்லை, காலையில் எல்லோருமே நல்லவர்கள்தான். ஏழு மணிக்குக் கூட்டம், ஒன்றரை மணி நேரம், முடிந்து அரை மணி நேரம் வாசலில் நின்று பேச்சு, வண்டியை எடுத்து வீடு போய்ச் சேர ஒன்பதரை. குளித்துச் சாப்பிட்டால் கடை மூடிவிடும். இது ஏதோ தந்திரம் மாதிரி இருக்கிறதே, மனமாற்றம் எங்கே என்று கேட்பவர்கள் கேட்கட்டும், ஆரம்ப மாதங்களில் தந்திரம்தான் தாங்கும்.

அதே போல, போகிற வழி. வீட்டிலிருந்து கூட்டத்துக்குப் போகும் பாதையில் எத்தனை கடை இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. போகும்போது பிரச்சினை இல்லை, திரும்பும்போதுதான். அங்கே ஒருவர் ரொம்ப உருக்கமாகப் பேசியிருப்பார், கேட்டுவிட்டு மனசு ஒரு மாதிரி கலங்கியிருக்கும், அந்த நேரத்தில் பச்சை போர்டு கண்ணில் படக் கூடாது. நான் ஒரு கிலோமீட்டர் சுற்றித்தான் வருகிறேன், பெட்ரோல் கொஞ்சம் கூட ஆகும், பழைய கணக்கோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது தூரம். புதிதாக வருகிறவர்கள் பலர் வேண்டுமென்றே தூரமான இடத்தைத் தேடுகிறார்கள். தாம்பரத்து ஆள் பெரம்பூர் போவார், பெரம்பூர் ஆள் அடையாறு வருவார், எல்லாம் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. நியாயமான பயம்தான். ஆனால் நவம்பர் மழையில், வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும்போது, தாம்பரத்திலிருந்து பெரம்பூர் யார் போவார்கள்? போகாமல் இருக்கக் காரணம் தேடுகிற மனசுக்கு மழை போதும், சில நாள் தூறலே போதும். தவிர, தெருவில் நாம் விழுந்து கிடந்ததைப் பார்த்த அதே ஜனங்கள் நாம் ஒரு பள்ளிக்கூட வாசலில் டீ டம்ளரோடு நிற்பதைப் பார்த்தால் என்ன குறைந்துவிடப் போகிறது. ஒரு கூட்டம் நடந்தே போகும் தூரத்தில், இன்னொன்று தள்ளி என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. மனசு விட்டுப் பேச வேண்டியதைத் தள்ளி இருக்கும் இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

மொழி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. சென்னையில் தமிழ்க் குழு, ஆங்கிலக் குழு, இரண்டும் கலந்த குழு எல்லாம் உண்டு. ஐடியில் இருப்பவர்கள், கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர்கள் நேராக ஆங்கிலக் குழுவுக்குப் போய்விடுகிறார்கள், அங்கே ஏசிகூட இருக்கலாம், நாற்காலிக்குக் குஷன் இருக்கும். தப்பில்லை. ஆனால் வீட்டில் எந்த மொழியில் பொய் சொன்னீர்களோ அந்த மொழியில் நடக்கிற கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஆங்கிலத்தில் பேசும்போது எனக்கு ஆபீஸ் பிரசன்டேஷன் மாதிரி வரும், ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அழகாக அமைந்துவிடும், கைதட்டல்தான் பாக்கி. தமிழில் "அம்மா ஆஸ்பத்திரிக்குன்னு வெச்சிருந்த காச எடுத்தேன்" என்று சொல்லும்போது அதற்கு அழகு சேர்க்க ஒன்றும் கிடைப்பதில்லை, தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அப்புறம் ஓப்பன் மீட்டிங், க்ளோஸ்டு மீட்டிங் என்று இரண்டு வகை. ஓப்பனுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மனைவி, அண்ணன், நர்சிங் மாணவி, ஆர்வத்தில் வரும் யாரும். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். வீட்டில் ஒருவரை இழுத்துக்கொண்டு வருபவர்கள் இதைப் போனில் கேட்டுக்கொண்டு வரவும், வாசல் வரை வந்து மனைவியை மட்டும் வெளியே நிற்க வைத்தால் அந்த ஆள் அதையே சாக்காக வைத்து அவரோடு திரும்பிவிடுவார். சில நாட்கள் படிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார்கள், சில நாட்கள் ஒருவரே முழுக்கதையும் சொல்லுவார், சில நாட்கள் சுற்றி வந்து ஆளுக்கு ஐந்து நிமிடம். முதல் தடவைக்கு இந்தக் கடைசி வகை நல்லது. முழுக்கதை கேட்கும் நாளில் அந்த ஒருவர் உங்களை விட ரொம்ப மோசமாகக் குடித்தவராக இருந்துவிட்டால், "நான் இந்த அளவுக்கு இல்லையே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் குவார்ட்டரைத் திறப்பீர்கள். பத்துப் பேர் பேசினால் அதில் ஒருவராவது உங்கள் வீட்டு ஹாலில் கேமரா வைத்துப் பார்த்த மாதிரி பேசுவார்.

முதல் நாள் என்ன நடக்கும் என்று நிறையப் பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒன்றும் நடக்காது. யாரோ "வாங்க சார், உக்காருங்க" என்பார்கள். கூட்டத்தை நடத்துபவர் அவர்களுடைய முன்னுரையைப் படிப்பார், படிகளைப் படிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்துப் பேசுவார்கள், எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னிக்குக் கேக்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். முழுப் பெயர் வேண்டாம், என்ன வேலை என்று சொல்ல வேண்டாம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவது, அறிவுரை சொல்வது இரண்டும் கூடாது. நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூட நம் முட்டி வலிக்கு வைத்தியம் சொல்லாமல் இறங்க மாட்டார், அப்படிப்பட்ட ஊரில் இருபது பேர் ஒரு மனிதன் பேசுவதை வாயைத் திறக்காமல் கேட்கிறார்கள் என்பதே பார்க்க வேண்டிய காட்சி.

ஆனால் ஒரு குழு நல்லதா என்று தெரிவது கூட்டம் நடக்கும்போது இல்லை, முடிந்த பிறகு வாசலில். மணி அடித்து, கைகோத்து மன அமைதிக்கான பிரார்த்தனை சொல்லி முடித்ததும் எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்களா, இல்லை நிற்கிறார்களா? புதிதாக வந்தவரைச் சுற்றி யாராவது நிற்கிறார்களா, இல்லை பழைய ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு புதியவர் சுவரோரமாக நிற்கிறாரா? "தம்பி, நம்பர் குடு, ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு போன் போடறேன்" என்று யாராவது சொன்னார்களா, சொன்னவர் போட்டாரா? போட்டால் அந்தக் குழுவை விடாதீர்கள், மின்விசிறி ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இன்னொன்றும் கவனியுங்கள், குடியை விட்டு இருபது வருடம் ஆனவரும் இருக்க வேண்டும், இரண்டு வாரம் ஆனவரும் இருக்க வேண்டும். பழையவர்கள் மட்டும் இருந்தால் ஓய்வுபெற்றோர் சங்கம் மாதிரி ஆகிவிடுகிறது, பழைய லீலைகள் சுவாரசியமாக வரும், இன்றைக்கு ராத்திரியை எப்படித் தாண்டுவது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நடுவில் ஸ்லிப் ஆகி, மீண்டும் குடித்துவிட்டு, தலை குனிந்து வருகிறவரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நக்கல் இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

வேண்டாத அறிகுறிகள் இன்னும் சில உண்டு. கூட்டத்துக்கு வெளியே பிளாட் விற்பவர், சீட்டுப் பிடிப்பவர், சத்து பவுடர் விற்பவர், "எனக்குத் தெரிஞ்ச ஒரு மறுவாழ்வு மையம் இருக்கு, ஆளை அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்று வீட்டாரிடம் நம்பர் கொடுப்பவர், இப்படி யாராவது ஒருவர் இருந்தால் தள்ளி நில்லுங்கள், குழுவே அப்படி இருந்தால் கிளம்பிவிடுங்கள். அதை விட ஆபத்தானது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது. "அதுவும் ஒரு போதைதானே" என்று ரொம்ப நல்ல எண்ணத்தோடே சொல்வார்கள். ஏஏயின் சொந்தப் பிரசுரமே உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று சொல்கிறது, அதைச் சொன்னால் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள்.

டாக்டர் என்று வந்ததும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இதை மட்டும் வேகமாகப் படித்துத் தாண்டாதீர்கள். ஏஏ மருத்துவமனை கிடையாது. தினமும், காலையிலேயே கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், இன்றோடு சரி என்று வீராப்பாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிந்து பிதற்ற ஆரம்பிக்கலாம். முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, அல்லது கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவமனை, அங்கே உடம்பைச் சரி செய்துகொண்டு அப்புறம் கூட்டம். சென்னையில் இந்த விஷயத்துக்கென்றே நெடுநாளாக இருப்பது இந்திரா நகரில் உள்ள டிடிகே மருத்துவமனை. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980ல் தொடங்கியது, அவருக்கு 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்துத்தான் உட்கார வைக்கிறார்கள், அது முக்கியம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண், போதை மீட்புக்காக மத்திய அரசு வைத்திருப்பது, நம் மாநிலத்தில் 104ம் உண்டு. மனசு ரொம்ப உடைந்து போயிருந்தால் 14416.

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன், அரை நட்சத்திரம் இங்கே போகிறது. பன்னிரண்டு படிகளில் கடவுள் அடிக்கடி வருகிறார், "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்று ஒரு சலுகையோடு. என்னோடு வருகிறவர்களில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், மாலைத் தொழுகையை முடித்துவிட்டு ஐந்து நிமிடம் தாமதமாக வரும் ஒருவர், சர்ச்சில் பாடும் ஒருவர், கருப்புச் சட்டையைத் தவிர வேறு போடாத ஒருவர் எல்லோரும் உண்டு. கருப்புச் சட்டைக்காரர் பிரார்த்தனை நேரத்தில் கையை மட்டும் கோத்துக்கொள்வார், வாயைத் திறக்க மாட்டார். படிகளில் சொல்லும் "நம்மை விட மேலான சக்தி" தனக்கு இந்த அறைதான் என்கிறார், "நான் தனியா இருந்தப்ப குடிச்சேன், இங்க வந்தப்புறம் குடிக்கல, எனக்கு இதைவிட என்ன நிரூபணம் வேணும்" என்று. அது அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் போதாது. சில அறைகளில் பேச்சு சாட்சி கூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது, சில அறைகளில் சபரிமலை பஜனை மாதிரி. நம்பிக்கை இல்லாதவர்கள் அங்கே நெளிவார்கள், நெளிந்தால் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஸ்மார்ட் ரெகவரி என்று ஒன்று இருக்கிறது, 1994ல் அமெரிக்காவில் தொடங்கியது, கடவுளும் கிடையாது, படிகளும் கிடையாது, குடிக்கத் தூண்டும் எண்ணத்தை எப்படிப் பிடித்துக் கேள்வி கேட்பது என்று பயிற்சி கொடுக்கிறார்கள். இணையத்தில் ஆங்கிலத்தில் சேரலாம். நான் சிலமுறை கலந்துகொண்டேன், பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் போன் போடும் அண்ணன் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு அரை நட்சத்திரம் பெண்களுக்காக. தமிழ்க் குழுவில் ஒரு பெண் நுழைந்தால் எல்லோரும் முதலில் நினைப்பது, கணவரைத் தேடி வந்திருக்கிறார் என்றுதான். "அம்மா, குடும்பத்தாருக்குப் பக்கத்து ரூம்" என்று பணிவாகவே கை காட்டுவார்கள். அவர் தனக்காகத்தான் வந்தேன் என்று அந்த இடத்தில், அத்தனை ஆண்களுக்கு நடுவில், வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண் குடித்தால் தலையெழுத்து என்று விடும் ஊர், பெண் குடித்தால் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலக் குழுக்களில் கொஞ்சம் தேவலை. பெண்கள் மட்டும் கூடும் இணையக் கூட்டங்கள் உண்டு, ஆரம்பிக்க அதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். ஸ்பான்சர் என்று ஒருவரை வைத்துக்கொள்வது ஏஏ வழக்கம், பழைய உறுப்பினர் ஒருவர் படிகளில் நம்மைக் கூட்டிப் போவார், பெண்ணுக்குப் பெண்தான், ஆணுக்கு ஆண்தான் என்று சொல்லப்படாத விதியாக வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. ஆனால் அறையில் பெண்ணே இல்லையென்றால் அந்த விதியை வைத்து என்ன செய்வது?

வீட்டாருக்கு ஆல்அனான், 1951லிருந்து இருப்பது, தனி அமைப்பு. சில இடங்களில் ஒரே வளாகத்தில் ஒரே நேரத்தில் நடக்கும், இவர் ஒரு அறை, அவர் ஒரு அறை. என் மனைவி முதலில் போனது நான் ஒழுங்காகக் கூட்டத்தில் இருக்கிறேனா, பின்வாசல் வழியாகப் போய்விட்டேனா என்று பார்க்கத்தான். இப்போது நான் வராத நாட்களிலும் அவர் போகிறார். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் "உன்னப் பத்தி ஒண்ணும் பேசல" என்று பதில் வருகிறது. நம்ப முடியவில்லை, ஆனால் என் பாட்டில்களைத் தேடி பீரோவைக் குடைவதை அவர் அங்கே போன பிறகுதான் நிறுத்தினார்.

இணையக் கூட்டம் பற்றி. 2020 ஊரடங்கில் டாஸ்மாக்கும் மூடியது, ஏஏ அறைகளும் மூடின. கடை மே 7ல் திறந்துவிட்டது, சென்னையில் ஆகஸ்ட் 18. பள்ளிக்கூடங்கள் திறக்க அடுத்த வருடம் ஜனவரி ஆனது. சரக்கு முதலில், பாடம் அப்புறம். அந்த இடைவெளியில்தான் எல்லோரும் ஜூமுக்குப் போனார்கள், வயதானவர்கள் பேரனிடம் போனைக் கொடுத்து "இதுல எப்படிடா கை தூக்கறது" என்று கற்றுக்கொண்டார்கள். அது அப்படியே நின்றுவிட்டது, நல்லதுதான். துபாயில் இருக்கும் தம்பிகளுக்கு நம் ஏழு மணி அங்கே ஐந்தரை, வேலை முடிந்து பஸ்ஸில் கேம்ப்புக்குத் திரும்பும்போதே காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ஊரில் ஒரே ஒரு குழு, அதுவும் வாரம் ஒருமுறை, அதிலும் தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருவர் வருகிறார் என்று கூச்சப்படும் சின்ன ஊர்க்காரர்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் இதை மட்டுமே வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று நினைத்தால் எனக்குச் சந்தேகம். திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் கையில் என்ன டம்ளர் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அரை டம்ளர் டீயை நீட்டவும் ஆள் இல்லை.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது, 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். ஆட்களை முறையாக ஏஏயோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கும் விஷயத்தில் மற்றப் பேச்சு சிகிச்சைகளை விட நன்றாகவே இருந்தது என்று முடிவு. அதில் பெரும்பாலானவை அமெரிக்க ஆய்வுகள், நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால் நான் நாற்காலியைத்தான் காட்ட முடியும். என் வரிசையில் பல வருடமாக ஒரே இடத்தில் உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு மாதம் வந்து காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள், போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், ஒருவருக்கு நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு போனோம்.

தேடுவது எப்படி என்றால், ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைப் பார்க்கலாம். போட்டிருக்கும் நேரத்தை நம்பி நேராகக் கிளம்பாதீர்கள், பள்ளி ஆண்டு விழா, சர்ச் திருவிழா என்றால் அறை மாறும், நாள் மாறும். ஒரு போன் போட்டுக் கேளுங்கள், எடுப்பவரும் நம்மைப் போல ஒருவர்தான், குரல் குழறினாலும் வைத்துவிட மாட்டார். குறைந்தது நாலைந்து வேறு வேறு குழுவையாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அதில் ஒன்றை உங்கள் வீடு என்று வைத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போடுவது, பிளாஸ்க் கழுவுவது என்று ஏதாவது ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை இருந்தால் வராமல் இருக்க முடியாது, டீ இல்லையென்றால் அத்தனை பேரும் போன் போட்டுத் திட்டுவார்கள்.

விமர்சனம் என்றால் பார்க்கிங் பற்றியும் எழுத வேண்டுமாமே. பைக்குக்குத் தாராளமாக இடம் உண்டு, பள்ளி மைதானம் முழுக்கக் காலிதான். கார் என்றால் தெருவில்தான், ஆனால் எங்கள் குழுவில் யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்லிக் கேட்டதில்லை, பாதிப் பேருடைய கார் சாவி இன்னும் மனைவியிடம்தான் இருக்கிறது.